பக்கத்து வீட்டு நாய்க்கு நான் வைத்த சோறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் கணவர் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் ரயில் கார்டு. வண்டியோடு வடக்கே போனால் திரும்பி வர மூன்று நாளாகும். எங்கள் வரிசையில் இரண்டு வீட்டில் பட்டப்பகலில் திருட்டுப் போனது. இரண்டு பெண் குழந்தைகளோடு தனியாக இருக்கும் அக்காவுக்குப் பழக்கிய காவல் நாய் ஒன்று பார்ப்பது என்று முடிவானது.

கிள்ளானில் ஒரு தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்புகிறார், நாய்களைக் கொடுத்துவிடப் போகிறார் என்று தகவல் வந்தது. அக்காவுக்குத் துணையாக நானும் ரயிலேறினேன். எனக்கும் ஒன்று வேண்டும் என்று முதல் நாளே வீட்டில் கேட்டிருந்தேன். "அவரு வீட்டுல இருக்கிறதில்ல, வாங்குறாரு. நான்தான் தெனமும் அஞ்சு மணிக்கு வந்துடுறேனே, நமக்கெதுக்கு?" என்றார் என் கணவர். நியாயமான பதில். அதனாலேயே எனக்கு இன்னும் எரிந்தது.

துரை பங்களாவில் நாய்களைப் பழக்கியவர் ஒரு தமிழர். இரண்டு நாய்களை அவிழ்த்துக் காட்டினார். ஒன்று நல்ல உயரம், குரைத்துக்கொண்டு குதித்தது. "அக்கா, இதையே எடுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு அக்காவிடம் ஒரு ரொட்டித் துண்டைக் கொடுத்து நீட்டச் சொன்னார். குதித்த நாய் பாய்ந்து வந்து தின்றது. இன்னொன்று, செவலை நிறப் பெட்டை, ரொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"இதக் கூட்டிட்டுப் போங்கம்மா. வீட்டாளு கையத் தவிர வேற யாரு குடுத்தாலும் தொடாது. நான் ஒரு வாரம் வந்து உங்க கைக்குப் பழக்கி விடுறேன்" என்றார்.

நாய் வந்ததும் எங்கள் வரிசையே அக்கா வீட்டு வாசலில் நின்றது. தபால்காரர் என் வீட்டை 'நாய் வீட்டுக்குப் பக்கத்து வீடு' என்று சொல்ல ஆரம்பித்தார். என் கணவர்கூட வேலை விட்டு வந்ததும் முதலில் வேலியோரம் போய் அதைத்தான் பார்ப்பார்.

ஒரு நாள் அக்கா பாசாருக்குச் சாமான் வாங்கப் போயிருந்தபோது மீன் தலையை வேலி இடுக்கில் நீட்டினேன். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு நாய்கூட என்னை மதிக்கவில்லையே என்று சுருக்கென்றது. அன்றிலிருந்து தினமும் ஏதாவது வைத்தேன். கருவாட்டுச் சோறு, ஆட்டெலும்பு. இரண்டு மாதம் விடவில்லை. ஒரு காலையில் மெல்ல வந்து என் கையிலிருந்தே வாங்கித் தின்று விரலை நக்கியது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அதற்கடுத்த வாரம் காய்கறிக்காரர் எறிந்த பிஸ்கட்டையும் அது தின்றது. பார்த்தேன். பழக்கியது கெட்டுவிட்டது என்று புரிந்தது. ஆனாலும் அக்காவிடம் சொல்லவில்லை.

பத்து நாள் இருக்கும். மத்தியானம், தகரக் கூரை மேல் பலத்த மழை. அக்கா காய்ச்சலோடு படுத்திருந்தார், குழந்தைகள் பள்ளிக்கூடத்தில். திடீரென்று அலறல் கேட்டு ஓடினேன். பின்வாசல் திறந்து கிடந்தது. ஒருவன் சாக்கடையைத் தாண்டி ஓடினான். அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். தடுத்தவரைத் தள்ளிவிட்டுத் தாய் வீட்டு அட்டிகையை அவன் கொண்டுபோய்விட்டான். நாய் வாசலில் இலையில் கிடந்த இறைச்சியைத் தின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டியது.

மறுநாள் அக்காவின் கணவர் வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் குமுறினார். "சோத்துக்கு வித்துட்டியே! இத இன்னிக்கே சுட்டுடச் சொல்றேன்" என்று நாயின் சங்கிலியைப் பிடித்து இழுத்தார். நாய் எதுவும் புரியாமல் அவர் காலை நக்கியது.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணே, அதும்மேல தப்பில்ல. நான்தான் தெனமும் சோறு வச்சு அத மாத்திட்டேன். அக்காகிட்ட இருக்கேங்கிற வயித்தெரிச்சல்லதான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சங்கிலியைக் கீழே விட்டார். அக்கா கட்டிலில் இருந்தபடியே என்னைப் பார்த்தார்.

"வேலியோரம் நீ சோறு வைக்கிறத ஒருநா பாத்தேன் தங்கச்சி. ஒனக்கும் அதும்மேல ஆசையாக்கும்னு நெனைச்சேன். தடுக்க மனசு வரல."

திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அந்தப் பேச்சுக்கு எனக்கு அழவும் வரவில்லை.

நாயைச் சுடவில்லை. அதைப் பழக்கிய கிள்ளான்காரர் வந்து பார்த்துவிட்டு, இனி அது காவலுக்கு ஆகாது என்றார். வீட்டு நாயாக அங்கேயே இருந்தது. திருடன் அகப்படவில்லை. அக்காவின் மணிக்கட்டு எலும்பு கோணலாகக் கூடிவிட்டது; பெண்களுக்குத் தலை பின்னக் கை திரும்பவில்லை. திருட்டு நடந்த மறு வாரத்திலிருந்தே காலையில் நான் போய்ப் பின்னிவிட்டேன். முதல் நாள் அக்கா சீப்பை எடுத்துக் கொடுத்தார். எங்களுக்கு மாற்றலாகிப் போகும் வரை நாலு வருஷம் அப்படித்தான் நடந்தது. மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இன்றைக்கும் தெரிந்தவர்கள் நல்லதாக எதையாவது வாங்கினால் என் மனசு முதலில் சுருங்கத்தான் செய்கிறது. உடனே அக்காவின் கோணிய மணிக்கட்டு கண்முன் வரும், எழுந்து அவர்கள் வீட்டுக்கே போய், "நல்லா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.