வாரம் ஒரு தப்பு

இருபது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷன் அவர். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புமுன் வாரம் ஒருநாள் வீடியோவில் பாடம். சொல்லித்தருகிறவள் அதே தொழிலில் அங்கே இருப்பவள். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனாலும் சமையலறை மேசையில் போனைச் சாத்திவைத்து, ஷூ மாட்டிக்கொண்டுதான் உட்காருவார். எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்"தான்.

ஒருநாள் அவள் வேண்டுமென்றே, "கரண்ட்டை நிறுத்தாமலே மோட்டாரைக் கழட்டலாம்" என்றாள்.

"சரிங்க மேடம்."

"அண்ணே! செத்துப்போயிடுவீங்க!" என்று கத்தினாள்.

"தெரியும் மேடம். நீங்க சொல்றப்போ எப்படி எதிர்த்துப் பேசறது?"

"தப்பைப் பார்த்துட்டு வாயை மூடிட்டு நிக்கிற ஆளை இங்கே ஒரே வாரத்துல வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. இனி வாராவாரம் ஒரு தப்பு சொல்வேன். பிடிக்கணும்."

முதல் வாரம் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. போகப்போக வாய் பழகிவிட்டது. மனைவி போட்ட டீயிலும் தப்பு கண்டுபிடித்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கடைசி வகுப்பில் அவள் சொன்னாள்: "எல்லாம் கத்துக்கிட்டீங்க அண்ணே. இனிமே நான் உங்களுக்குத் தேவையில்லை."

அவர் யோசிக்கவே இல்லை.

"தப்பு மேடம்" என்றார்.