ஏழாவது தறி

முப்பது வருஷமாகப் பியானோ வாசிக்கிறேன், சொல்லியும் கொடுக்கிறேன். ஆரணியில் பியானோ டீச்சர் வீடு என்று சொன்னால் ஆட்டோக்காரர்கள் நேராக என் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். பட்டு வியாபாரிகளின் பிள்ளைகள், செய்யாறு கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் என்று சாயங்காலம் முழுக்கக் கூட்டம்தான். இந்தப் பெருமையெல்லாம் போன வருஷம் சென்னையில் ஒரு கச்சேரி மேடையில் ஒரே நிமிஷத்தில் காற்றில் போயிற்று. குரல் என்று நாங்கள் சொல்லும் மூன்று மெட்டுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும் பழைய ஜெர்மன் உருப்படி ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் மறந்துவிட்டது. கை அப்படியே நின்றது. எழுந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இந்த வருஷம் அதே அரங்கத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். அதே உருப்படியைத்தான் வாசிப்பேன் என்று நானும் வீம்பாகச் சொல்லிவிட்டேன். இதிலும் விழுந்தால் இனி மேடையே வேண்டாம், டீச்சராகவே காலத்தைத் தள்ளிவிடலாம் என்று முடிவு. ஆனால் வீட்டில் வாசித்தாலும் அதே இடத்தில் தடுக்கியது. அந்த இடத்தை மட்டும் நூறு தடவை வாசித்திருப்பேன். ஊஹூம்.

எனக்குக் கோபம் வந்தால் யார் மேலாவது காட்டியாக வேண்டும். நான் குடியிருப்பது மாடியில். கீழே ஆறு விசைத்தறி, விடிந்ததிலிருந்து தரை அதிர ஓடும். ஓட்டுகிறவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒருநாள் இறங்கிப் போய், "ஒரு மணி நேரமாவது நிறுத்தேம்மா, என் பிழைப்பே போய்டும் போலிருக்கு" என்று கத்தினேன். அங்கே கத்தினால்தான் கேட்கும். என் கோபத்துக்கும் அது வசதியாக இருந்தது.

அவள் தறியிலிருந்து கையை எடுக்காமலே சிரித்தாள். "முகூர்த்த ஆர்டர் டீச்சர், நிறுத்தினா பேஜாராயிடும். ஆனா நீங்க தடுக்கறது சத்தத்தால இல்லிங்க."

"இந்த இரைச்சல்ல நான் வாசிக்கறது உன் காதுல விழுதா?"

"ஆறு தறி ஓடிகினு இருக்கச்சொல்ல, எதுல இழை அறுந்துச்சுன்னு திரும்பிப் பாக்காமலே தெரியும். உங்களுது ஏழாவது. அவ்ளோதான்."

கதை விடுகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு தறியை நிறுத்திக் காட்டினாள். நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்தால் உடனே கண்ணில் படாது, நாலு விரற்கடை நெய்த பிறகுதான் துணியில் கோடாகத் தெரியும். தெரிந்த இடத்தில் நோண்டிப் பயனில்லை. அறுந்த இடம் வரைக்கும் நெய்ததைப் பிரித்துக்கொண்டே போய், இழையை முடிந்துவிட்டு, அங்கிருந்து மறுபடி ஓட்ட வேண்டும்.

"நீங்க வுழுந்த எடத்தையே நோண்டிகினு இருக்கீங்க. அதுக்கு முன்னாடியே நடுவுல ஒண்ணு சத்தமில்லாம வுட்டுப் போவுது. போய்ப் பாருங்க."

போனேன். ஒவ்வொரு குரலாகப் பிரித்து மெதுவாக வாசித்துப் பார்த்தேன். தடுக்கும் இடத்துக்கு இரண்டு வரி முன்னால், நடுக்குரலில் நீட்டிப் பிடிக்க வேண்டிய ஒரு சுரத்தை என் கட்டைவிரல் சீக்கிரமே விட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்தே நடுக்குரல் என் காதைவிட்டு நழுவியிருக்கிறது. இத்தனை வருஷம் பழகிய காது, அதற்குக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட உடம்பெல்லாம் ஓடிய சிலிர்ப்புதான் பெரிது.

கச்சேரிக்கு அவளையும் சென்னைக்கு அழைத்துப் போனேன். வாசித்தேன். அந்த இடம் வந்தது, நடுக்குரலும் கூடவே வந்தது, கடந்து போயிற்று. கடைசிவரை கை நிற்கவில்லை. எல்லாரும் வந்து கைகுலுக்கினார்கள். நான் அவளைத்தான் தேடினேன். காலியான அரங்கத்தில் இடத்தைவிட்டு எழாமல் உட்கார்ந்திருந்தாள். முந்தானை ஈரமாக இருந்தது.

"என்னம்மா, எங்கயாவது அறுந்துச்சா?"

"இல்லிங்க டீச்சர்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நான் இதைத் தறி ஓடாம கேட்டதே இல்லிங்க. நடுவுல இம்மாம் சன்னமா ஒரு எடம் வருதே, அது இருக்கறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்" என்றாள்.

 அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.