அண்ணன் எடுத்த புள்ளி

அப்போது நாங்கள் காம்பார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மா பாலுக்கு மரம் சீவினார். அண்ணனுக்கு ஈப்போவில் தொழிற்சாலை வேலை. வேலை முடிந்தால் நேரே, மெஷினில் காசு போட்டு ஆடும் கேம் கடைதான். பள்ளம் தாண்டிக் குதித்துப் பேய்களை அடிக்கும் ஒரு ஆட்டம் அவனுக்கு உயிர். அதன் இரண்டாம் பாகம் கைக்கு அடக்கமான பெட்டியாக வந்ததும் முதல் ஆளாக வாங்கிவிட்டான். கடையில் சுவிட்சை அணைத்தால் அவன் எடுத்த புள்ளி போய்விடும். இதில் பேட்டரியைக் கழற்றும்வரை நிற்கும். அந்தப் பெருமை தாங்காது அவனுக்கு.

"என்னைத் தாண்டிக் காட்டு லா தங்கச்சி, பாப்போம்," என்று சீண்டுவான். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாளும் தாண்டியதில்லை.

தஞ்சோங் மாலிம் போகும் சாலையில் அவன் மோட்டார் சைக்கிளை லாரி அடித்துவிட்டது. அங்கேயே போய்விட்டான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளாளுக்கு விதி, விதி என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமையல்கட்டில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைப் போட்டுப் பார்ப்பேன். மேல் மூலையில் அவன் புள்ளி இருக்கும். திரை நாளுக்கு நாள் மங்கியது. பேட்டரி தீர்ந்தால் அதுவும் போய்விடுமே என்று பயந்து உடனே அணைத்துவிடுவேன்.

கருமாதிக்கு, இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைப்பது எங்கள் வழக்கம். மீ கோரெங் நூடுல்ஸ், கோழி வறுவல், சிகரெட் எல்லாம் வைத்து, பக்கத்தில் அம்மா அந்தப் பெட்டியையும் வைத்தார். திரை பளிச்சென்று இருந்தது.

"அம்மா, இத என்ன பண்ணீங்க?"

"மங்கலா கெடந்துச்சு. டவுன்ல கடிகாரக் கடை தவுக்கேகிட்ட புது பேட்டரி போட்டு வாங்கியாந்தேன். புள்ள வந்தா ஆடுவான்ல?"

எடுத்துப் பார்த்தேன். மேல் மூலையில் வெறும் சைபர்.

"ஐயோ! யாரு உங்கள மாத்தச் சொன்னது? அண்ணன் எடுத்த புள்ளிமா அது! பேட்டரிய கழட்டுனா அழிஞ்சிரும்!"

சொந்தக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று கத்தி அழுதேன்.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். கடை முதலாளி கழற்றிக் கொடுத்த பழைய பேட்டரிகள் அதில் இருந்தன. என் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தார்.

"இதையே திரும்பப் போடும்மா. இதுலதான இருந்தான். வந்துருவான்."