பேருந்தில் ஏறிய கடல் மிதவை

சிரிப்பை அடக்க முடியவில்லை. பேருந்திலிருந்தே எழுதுகிறேன்.

சதுரங்கப்பட்டினம் கடலில், நீரோட்டத்தோடு மிதந்து போகட்டும் என்று நாங்கள் விட்ட ஜிபிஎஸ் மிதவையை இந்த வாரம் முழுக்கக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பொரிக்கும் நண்டுக் குஞ்சுகளை நீரோட்டம் எந்தக் கரைக்குக் கொண்டுபோகிறது என்று தெரிந்தால்தான், எங்கே கொஞ்ச நாள் வலை போட வேண்டாம், எங்கே சினை நண்டைக் கடலிலேயே விட வேண்டும் என்று மீனவர்களிடம் பேச முடியும்.

இன்று காலை மிதவை மாமல்லபுரத்தில் கரையேறி, சாலையில் ஓட ஆரம்பித்தது!

எங்கள் ஆய்வுப் பேராசிரியர் போனில் அலறினார். "என்னம்மா இது, நீரோட்டம் பூஞ்சேரி ஸ்டாப்புல நின்னு போகுது?"

நானும் அப்போது பூஞ்சேரி ஸ்டாப்பில்தான் இருந்தேன், திருப்போரூர் பேருந்தில். நிமிர்ந்து பார்த்தால், முன் சீட்டில் மீன்கார அக்காவின் மடியில் ஆரஞ்சு நிற மிதவை.

"அக்கா, அது எங்களுது!"

"இன்னாமா சொல்ற? எங்க வூட்டுக்காரரு வலைல மாட்டிச்சி. லைட்டு மின்னிகினு கீது, தம்பி ரிப்பேர் கடைல காட்டலாம்னு எடுத்துகினு போறேன்."

விஷயத்தை விளக்கினேன்.

"அப்ப அந்த ஊரு நண்டுதான் எங்க வலைக்கு வருதா?"

"ஒரே மிதவைய வெச்சு அப்படிச் சொல்ல முடியாதுக்கா..."

அக்கா அதற்குள் போனை எடுத்துவிட்டார். சதுரங்கப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்ட நாத்தனாருக்கு.

"இன்னாடி, உன் வூட்டுக்காரரு சினை நண்ட புடிச்சிகினு வராரா? கடல்லயே வுடச் சொல்லு. அது என் வலைக்கு வரவேண்டிய நண்டு!"

நாங்கள் ஆய்வு முடித்து, கூட்டம் போட்டுச் சொல்ல நினைத்தது திருப்போரூர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்த மிதவையைக் கோவளம் பக்கம் விடப்போகிறோம். அங்கே யாருக்காவது நாத்தனார் இருக்கிறார்களா?