பக்கத்தில் இருப்பவரைப் பற்றி நல்லதாக ஒன்று

சொட்டுநீர்க் குழாய் விற்கிற கம்பெனியில் சேர்ந்த முதல் ஆறு மாதம் ஊர் ஊராக விவசாயிகள் கூட்டம் போட்டேன். நான் பேசினேன், அவர்கள் தூங்கினார்கள். இதில் இரண்டு தரப்புக்கும் குறை இருந்ததில்லை. மேனேஜருக்குத்தான் இருந்தது. திருச்சுழிப் பக்கம் எடுத்த ஒரு போட்டோவில் முன்வரிசைக்காரர் வாயைத் திறந்தபடி தூங்குவதை அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டார். என்னை மதுரையில் ஒரு ஹோட்டலில் நடந்த பயிற்சிக்குக் கூட்டிப்போனார்.

பயிற்சி கொடுத்தவர் கோட் போட்டிருந்தார். முதல் இரண்டு நிமிஷத்தில் கூட்டத்தைப் பிடிக்காவிட்டால் பிறகு பிடிக்கவே முடியாது என்றார். அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தார். எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வைக்க வேண்டும். உடனே ஹால் முழுக்க சிநேகம் பொங்கிவிடும். என் பக்கத்தில் மேனேஜர் நின்றார். "சார் சிரிச்சா நல்லா இருக்கும்" என்றேன். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை. என்னைப் பற்றி அவர், "டயத்துக்கு வந்துர்றாரு" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

அடுத்த வாரம் பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கூட்டம். மகளிர் குழுத் தலைவி ஒரு அக்கா, சமுதாயக் கூடத்தைத் திறந்து வைத்து நாற்பது பேரைச் சேர்த்திருந்தார். வணக்கம் சொன்ன கையோடு எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். தேசிய கீதம் என்று நினைத்துச் சிலர் விறைப்பாக நின்றார்கள். விஷயத்தை விளக்கினேன். ஃபேனுக்கு நேர் கீழே நின்ற இரண்டு பேரைக் கை காட்டி, "அண்ணாச்சி, நீங்க ரெண்டு பேரும் ஆரம்பிச்சு வைங்க" என்றேன்.

அக்கா என் சட்டையை இழுத்து, "தம்பி, அவுக பெரியப்பா மகன், சித்தப்பா மகன். போர்க்கெணறு போட்ட சண்டையில ஏழு வருசமாப் பேச்சுவார்த்த கெடையாது. காத்துக்காகப் பக்கத்துல ஒக்காந்திருக்காக" என்றார்.

அதற்குள் மூத்தவர் தொண்டையைச் செருமினார். "நல்லதா ஒண்ணு மட்டும்தான?"

"ஒண்ணு போதும் அண்ணாச்சி."

"எந்தம்பி நல்ல மூளக்காரன். என் போருக்கு எங்கிட்டு இருந்து தண்ணி வருதுன்னு எனக்கே தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. சரியா அங்கன போயி அவன் போரப் போட்டான்."

பயிற்சியில் சொன்னபடி, "கை தட்டுங்க" என்றேன். தட்டினார்கள்.

இளையவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்கண்ணனுக்கு நல்ல ஞாபகசக்தி. எல்லாம் ஞாபகம் இருக்கும். எம்போருதான் மொதல்ல போட்டதுங்கிறத மட்டும் மறந்துருவாக."

இதற்கு நான் சொல்லாமலே தட்டினார்கள்.

அதன் பிறகு என்னை யாரும் கேட்கவில்லை. விதியை மட்டும் கடைசிவரை மீறவில்லை. அண்ணனின் பொறுமையைத் தம்பி புகழ்ந்தார். தம்பியின் நேர்மையை அண்ணன் புகழ்ந்தார். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் இன்னொருவர் ஆமாம் என்றார், வேறொருவர் இல்லை என்றார். தூங்க வந்தவர்கள்கூட விரலை நீட்டிப் பேசினார்கள். எந்தப் போர் முதலில் என்பதை நேரில் பார்த்தே தீர்ப்பது என்று நாற்பது பேரும் வெளியே இறங்கினார்கள். கூடத்தில் நானும் ஃபேனும் மிஞ்சினோம். ஒரு முழம் சாம்பிள் குழாயை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

மக்காச்சோளக் காட்டில் வரப்புக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு போர். பார்த்தால் இரண்டும் ஒரே வயசாகத்தான் தெரிந்தன. வெயில் ஏறவும் சண்டை தளர்ந்தது. அக்காவுக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். "அந்தத் தம்பி கொண்டாந்த குழாயக் கொஞ்சம் பாருங்கய்யா" என்றார்.

மூத்தவர் வாங்கி, சொட்டு விழுகிற துளையை நகத்தால் சுரண்டினார். "நம்ம தண்ணி உப்பு. ஒரு வருசத்துல அடச்சுக்கிரும்" என்றார்.

இளையவர் எட்டிப் பார்த்தார். "ஒரு வருசமா? ஆறு மாசம் தாங்காதுண்ணே" என்றார்.

ஏழு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. கூட்டமே மெய்மறந்து நின்றது. நான் என்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன். அது நெகிழ்ச்சியா, மேனேஜரை நினைத்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அங்கிருந்தே ஒரு போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டேன். நாற்பது பேரும் குழாயைச் சுற்றி நிற்க, அண்ணனும் தம்பியும் அதை ஆளுக்கொரு முனையில் பிடித்திருந்தார்கள். மேனேஜரிடமிருந்து மூன்று கட்டைவிரல்கள் வந்தன. கூடவே, "சூப்பர் ஸ்டார்ட். இதே மாதிரி எல்லா ஊர்லயும் பண்ணுங்க" என்று ஒரு வரி.

கிளம்பும்போது மூத்தவர், "அடச்சா யாரு வந்து பாப்பாக?" என்று கேட்டார். அன்றைக்கு இருந்த நிலையில் யோசிக்காமல், "நானே வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை நம்பி அவர் அரை ஏக்கருக்குப் போட்டார். அவர் போட்டதால் இளையவர் முக்கால் ஏக்கருக்குப் போட்டார்.

ஐந்தாவது மாதமே அடைத்தது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய், குழாயில் ஆசிட் விட்டு உப்பைக் கழுவி விடுகிறேன். நான் குனிந்து வேலை பார்க்கையில் வரப்புக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவரும் நின்று, என் வேலையில் இருக்கிற குறைகளை ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்லிக்கொள்கிறார்கள்.