மஞ்சள் கிழங்கும் மூன்றாம் அடுக்கும்

ஆடிப்பெருக்குக்கு ஆறு வேண்டும். ஆந்திரக் கடற்கரையில், ராக்கெட் ஏவுதளத்துக் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு காவிரிக்கு எங்கே போவது? மயிலாடுதுறையிலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்த என் மாமியார் அசரவில்லை. குழாயடியில் கோலம் போட்டு, காதோலை கருகமணி வைத்துப் படைத்தார். "தண்ணி வர்ற எடமெல்லாம் காவேரிதான், உக்காரு" என்று எனக்குப் புதுத் தாலிச்சரடு கட்டினார். மூன்று முடிச்சு. அவர் போட்ட முடிச்சு லேசில் அவிழாது.

அவருடைய மகன், என் வீட்டுக்காரர், துபாயில் இருந்தார். ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. மகனுக்கு ஒன்றும் ஆகக்கூடாதென்று அத்தை காவல் காத்தது என் கழுத்தைத்தான்.

சரடு கட்டி முடித்ததும் வாசலில் ஜீப் வந்து நின்றது. மறுவாரம் செய்ய வேண்டிய வேலையை, மழை வரப்போகிறதென்று அன்றைக்கே வைத்துவிட்டார்கள்.

ராக்கெட்டின் அடுக்குகள் மேலே போனதும் ஒவ்வொன்றாகப் பிரிய வேண்டும். பிரிப்பவை சின்னச் சின்ன வெடிகள். மூன்றாம் அடுக்கின் வெடிகளுக்குக் கடைசி மின் இணைப்பை மாட்டுவது என் வேலை. சும்மா வந்ததில்லை, சண்டை போட்டு வாங்கினேன். பூதலூர்ப் பக்கம் நடவு வயல்களுக்கு நடுவிலிருந்து படித்து வந்தவள் நான். அதுவரை எந்தப் பெண்ணையும் அதைத் தொட விட்டதில்லை. அங்கே ஒரு பொறி பறந்தால் கதை முடிந்தது. அதனால் உடம்பில் பொட்டுத் தங்கம்கூட இருக்கக்கூடாது. மூக்குத்தியையும் மெட்டியையும் கழற்றிவிடலாம். தாலியை? அத்தைக்குத் தெரியாமல் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வதாகத்தான் இருந்தேன். அந்தப் புது முடிச்சு என் திட்டத்தில் மண்ணைப் போட்டது.

நுழைவாயிலில் பாதுகாப்பு அதிகாரி என் கழுத்தைப் பார்த்தார். "கஷ்டப்படாதீங்கம்மா. இன்னைக்கு மட்டும் வேற ஆளப் போட்டுக்குவோம்."

முகத்தில் என்ன ஒரு பரிவு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்று விட்டால் இனி என்றைக்கும் வேறு ஆள்தான்.

"யாரையும் போட வேணாம் சார். ஜீப்ப மட்டும் குடுங்க, இதோ வந்துடுறேன்."

வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் சொல்லிவிட்டேன். "அத்தை, இத அவுக்கணும். இல்லன்னா என் வேலைய வேற ஒருத்தன் செஞ்சிடுவான்." கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இப்பதானேடி கட்டினேன்? நாளு கெழம தெரியாதா ஒங்க ராக்கெட்டுக்கு?"

"தெரியாது."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன ஆகாதாம்?"

"தங்கம், இரும்பு, எதுவுமே ஆகாது."

"நூல்கயிறு?"

"அது... ஆகும்."

"அதச் சொல்றதுக்கா இப்புடி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

எங்கள் பக்கம் தாலியைப் பழுதுபார்க்க நகைப் பத்தரிடம் கொடுத்தால், அது திரும்பி வரும்வரை ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொள்வோம். கழுத்து வெறுமையாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். படையல் தட்டிலிருந்த கிழங்கை எடுத்து, நன்றாகக் கழுவித் துடைத்து, முதலில் அதைக் கட்டினார். பிறகு தான் போட்ட முடிச்சோடு தானே மல்லுக்கட்டித் தாலியை அவிழ்த்தார்.

"எங்கிட்ட இருக்கட்டும். போ, முடிச்சிட்டு வா."

அதிகாரி குனிந்து பார்த்தார். "என்னம்மா இது?"

"கிழங்கு சார்."

"கொழம்புக்குப் போடுறதா?"

"அதேதான்."

மெட்டல் டிடெக்டரைக் கழுத்தில் வைத்தார். அது வாயே திறக்கவில்லை. அவர் நகர்ந்து வழிவிட்டார். கிழங்கின் மேல் பருத்தி அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். இணைப்பு 'டக்'கென்று போய் உட்கார்ந்தது.

ராக்கெட் கிளம்பிய அன்று நான் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். நெருப்பைக் கண்டதும் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் எல்லோரும் கைதட்டினார்களாம். அத்தை மட்டும் தட்டவில்லையாம். "மூணாவது பிரிஞ்சிதா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டாராம்.

பிரிந்தது! மூன்றாம் அடுக்கு சொன்ன நேரத்துக்குப் பிரிந்தது. நான் நாற்காலி மேலேயே ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை துபாய்க்குப் போனில் கத்திக்கொண்டிருந்தார். "நீ என்னடா பெருசா, ஏரோப்ளேன் ஏறி துபாய் வரைக்கும்தானே போன? ஒம் பொண்டாட்டி ஆகாசத்துக்கே அனுப்பிட்டாடா!"