கிணற்றடிப் பாதையில் நட்ட கொடி

சாம்பல்தீவில் எங்கள் முற்றம் வெறும் மணல். தினமும் கூட்டி அலுத்துப்போய், வாசற்படியில் இருந்து கிணற்றடி வரைக்கும் மஞ்சள் பூப் பூக்கும் படர்கொடியை நட்டேன். ஒரே மாரியில் மணலே தெரியாமல் மூடிவிட்டது.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா கால் வைக்கிற இடம் தெரியுதில்லையே," என்றார் கணவர்.

"உங்களுக்கு எதிலயும் குறைதான்," என்று சொல்லிவிட்டேன்.

ஒருநாள் காலை தண்ணீர் அள்ளப் போகையில் கையிலிருந்த வாளி நழுவிக் கொடிக்குள் விழுந்தது. அங்கிருந்து சரசரவென்று சுருட்டைப் பாம்பொன்று வெளியே வந்தது. என்னுடைய அடுத்த அடி அதன்மேல்தான் விழுந்திருக்கும்.

இப்போது கொடி மதிலோரம் மட்டுமே. பாதை பழையபடி மணல். விடிய எழும்பினால், விளக்குமாற்றைத் தொட முதல், நேற்றுக் கூட்டின மணலில் ஏதும் ஊர்ந்த தடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். கூட்டுவது குப்பைக்காக மட்டும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.